நான்காவது கண்ணாடியின் கோடு

வாசற்கதவருகே ஒரு முனையும் அடுப்படி நிலைக்கருகே மறுமுனையுமாக எங்கள் போத்தனூர் வீட்டுக் கூடத்தில் ஒரு காகிதச் சுருள் விரிந்து கிடந்தது. ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடுதலான அகலம். வெளிர்பச்சைக் கட்டங்கள் போட்ட காகிதம். அதன்மேல் நீல மையில் ஒரே ஒரு கோடு. தரையை ஒட்டிச் சிறிது தூரம் போய், மெல்ல எழுந்து, ஒரு பெரிய மேடாகி, அவசரமில்லாமல் இறங்கி, இன்னொரு சின்ன மேட்டைத் தொட்டுவிட்டு முடிந்தது. காகிதம் சுருண்டுகொள்ளாமலிருக்க வாசற்பக்கம் ஒரு செங்கல்லை வைத்திருந்தோம். அடுப்படிப் பக்கம் என் மனைவி வெறுங்காலால் ஓரத்தை மிதித்தபடி நின்றிருந்தாள். தொண்ணூறுகளின் தொடக்கம், ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி இருக்கும். அந்த நாட்களின் அவளை நினைத்தால் கல்யாணக் கோலமோ பட்டமளிப்பு அங்கியோ எனக்கு முதலில் வருவதில்லை. அந்தக் காலும் அதன் கீழே இருந்த காகிதமும்தான் வருகின்றன.

நான் அப்போது கோயம்புத்தூரில் கணபதிப் பக்கம் ஒரு மோட்டார் பம்பு கம்பெனியில் டிராஃப்ட்ஸ்மேன். வார்ப்படத்துக்குப் போகும் எந்தச் சாமானும் முதலில் என் மேசையில் கோடாக வர வேண்டும். மோல்டிங் ஷாப்பிலிருந்து யாராவது ஒரு சிகரெட் அட்டையின் பின்புறத்தில் கிறுக்கி அனுப்புவார்கள். அந்தக் கிறுக்கலில் அவர் எதை வரைய நினைத்தார் என்பதை ஊகித்து, நடுங்கிய இடத்தை நேராக்கி, வளைய வேண்டிய இடத்தை ஃபிரெஞ்சு கர்வ் வைத்து வளைத்து, மையிட்டுக் கொடுப்பது என் வேலை. ஃபிரெஞ்சு கர்வ் என்பது பல தினுசு வளைவுகளை ஓரமாகக் கொண்ட ஒரு பிளாஸ்டிக் தகடு. திருப்பித் திருப்பி வைத்தால் எந்த வளைவுக்கும் அதில் ஓர் ஓரம் கிடைத்துவிடும். ‘கோடு தயங்கக் கூடாது’ என்பார் எங்கள் ஹெட் டிராஃப்ட்ஸ்மேன். தயங்கிய கோட்டைப் பார்த்தால் எனக்கு உடம்பே கூசும். கல்யாணப் பத்திரிகை உறையில் விலாசம் சாய்ந்திருந்தால் அழித்து எழுதச் சொல்லி உறவுக்காரர்களிடம் சண்டை போட்ட ஆள் நான். என் கைமேல் எனக்கு அவ்வளவு கர்வம் இருந்தது. கம்பெனியிலும் அதை யாரும் குறைக்கப் பார்க்கவில்லை.

அவள் ஒரு பெண்கள் கல்லூரியில் இயற்பியல் விரிவுரையாளர். சோமனூரில் தறிகள் ஓடும் வீட்டில் வளர்ந்தவள். அந்தச் சத்தத்துக்கு நடுவே படித்துப் பழகியதால் போத்தனூரில் ராத்திரியும் பகலும் ஓடும் ரயில்கள் அவள் காதில் விழுவதேயில்லை. கல்யாணமான மூன்றாம் வருஷம் பகுதி நேரமாக ஆராய்ச்சிக்குப் பதிவு செய்தாள். கண்ணாடிக்குள் அணுக்கள் எப்படி நிற்கின்றன என்பது தலைப்பு. விசேஷ வீடுகளில் இது பெரிய வேடிக்கையாகிவிட்டது. “என்ன கண்ணு, எதுல ஆராய்ச்சி பண்றே?” என்று கேட்பார்கள். “கண்ணாடியிலீங்க” என்பாள். “மொகம் பாக்கறதா, ஜன்னலுக்குப் போடறதா?” என்று அடுத்த கேள்வி வரும். “ரெண்டும்தானுங்க” என்று சிரிப்பாள். பிறகு அவர்கள் என்னிடம் திரும்பி, எந்த ரோட்டில் கடை போடப் போகிறோம் என்று விசாரிப்பார்கள்.

எனக்கு முதலில் விளங்க வைத்தவளும் அவள்தான். மாலையில் நான் கம்பெனியிலிருந்தும் அவள் கல்லூரியிலிருந்தும் வந்து, காப்பி குடித்து முடிப்பதற்குள் ஏதாவது ஒன்றைச் சொல்லிவிடுவாள். உப்பு, சர்க்கரை, இரும்பு எல்லாவற்றிலும் அணுக்கள் ஹவுசிங் போர்டு வீடுகள் மாதிரி வரிசையாக இருக்கும், ஒரு தெருவைப் பார்த்தால் ஊரையே வரைந்துவிடலாம் என்றாள். கண்ணாடி அப்படியில்லையாம். “பக்கத்து ஊடு எங்கே, எத்தனை தள்ளி, இதைச் சொல்லிரலாமுங்க. நாலாவது ஊடு எங்கேன்னு கேட்டா யாருக்கும் தெரியாது. ஆனா அதுக்காக அது குப்பை இல்லீங்க. அதுக்குள்ளயும் ஒரு பாங்கு இருக்குது. அதைத்தான் தேடறனுங்க.” பம்புக்குள் சுழலும் இம்பெல்லரின் ஒவ்வோர் இதழையும் ஒரே அளவாக வரைகிற எனக்கு, அளவே இல்லாததை அளக்கப் போகிறாள் என்பது முதலில் விசித்திரமாக இருந்தது. போகப் போக அந்தக் காப்பி நேரத்துக்காகவே பஸ்ஸில் முண்டியடித்து வீடு வந்து சேர ஆரம்பித்தேன்.

போரிக் அமிலத்தோடு ஈய ஆக்சைடைக் கலந்து உலையில் உருக்கி, செக்கச் செவேலென்று தேன் பதத்தில் வரும் குழம்பை ஒரு பித்தளைத் தகட்டில் ஊற்றி, மேலே இன்னொரு தகட்டை வைத்து ஒரே அழுத்தாக அழுத்துவார்கள். அணுக்கள் வரிசை கட்டுவதற்கு நேரம் கொடுக்காமல் குளிர வைத்துவிட்டால் கண்ணாடி. கொஞ்சம் தாமதித்தால் வெளுத்து மங்கிப் போகும். அந்த இரண்டு தகடுகளையும் கம்பெனியில் அனுமதி கேட்டு நான்தான் லேத்தில் கடைந்து கொடுக்கச் செய்தேன். ஈயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி ஏழு கண்ணாடிகள் செய்தாள். மஞ்சள் ஏறிக்கொண்டே போகும் ஏழு வில்லைகள், ஊசிமருந்துப் புட்டிகளில் எண் எழுதி வைத்திருந்தாள். எக்ஸ்ரே பாய்ச்சிப் பார்க்கும் கருவி வெளியூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் இருந்தது. முன்கூட்டியே நாள் வாங்கிக்கொண்டு பஸ்ஸில் போவாள். கருவி சுற்றச் சுற்ற, சிதறும் கதிரின் வலுவை ஒரு பேனா காகிதச் சுருளில் வரைந்துகொண்டே போகும். கூடத்தில் விரித்திருந்தது அதைத்தான். சீரான பொருளாக இருந்தால் கோட்டில் ஊசி ஊசியாக எழும்பும், கண்ணாடி என்பதால் வெறும் மேடு.

அந்தச் சுருள்களை இரண்டு வாரத்தில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பது ஆய்வுக்கூடத்தின் சட்டம். எனவே அவற்றை அதே அளவில் ட்ரேசிங் ஷீட்டில் எடுத்துக்கொண்டு, பிறகு அதைக் கட்டம் போட்ட தாளின் மேல் வைத்து, கால் மில்லிமீட்டர் தவறாமல் ஒவ்வொரு புள்ளியாக அளவெடுத்துக் கணினிக்குக் கொடுக்க வேண்டும். ட்ரேசிங் எடுப்பதற்கு வீட்டிலேயே ஒருவன் இருக்கும்போது வேறு யாரைத் தேடுவது? “ஏனுங்க, ஒண்ணு மட்டும் கெவனம்” என்றாள். “வோல்டேஜ் எறங்கி ஏறுனா பேனா துள்ளும். அந்தத் துள்ளல் கண்ணாடியோடது இல்லீங்க. அதை மட்டும் உட்டுப்போட்டு மத்தபடி இருக்கறது இருக்கறபடியே வேணும்.” இரண்டு ஸ்டூல்களுக்கு நடுவே ஒரு பழைய ஜன்னல் கண்ணாடியை வைத்து, அடியில் டியூப்லைட்டைப் பொருத்தி, மூன்று ஞாயிறுகளில் ஏழையும் முடித்தேன். துள்ளல்களை ஒன்று விடாமல் நீக்கி, மயிரிழைக் கோடாக ஓட்டிக் கொடுத்தேன். விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “அந்தப் பேனாவைவிட நீங்க நல்லா வரையறீங்க” என்றாள். அதில் இருக்கக்கூடிய ஆபத்து இரண்டு பேருக்கும் உறைக்கவில்லை.

அதன் பிறகு அளவெடுப்பு. நான் லென்ஸை வைத்துப் படித்துச் சொல்வேன், அவள் நோட்டில் எழுதுவாள். எத்தனை ஆயிரம் எண்கள் சொன்னேன் என்று இப்போது நினைவில்லை. கணக்குகளை ஓட்டி முடித்தபோது ஒரு விஷயம் கிடைத்தது. பெரிய மேட்டுக்குச் சற்று முன்னால், சரிவில், ஒரு சின்ன வீக்கம். அவர்கள் பாஷையில் தோள். பக்கத்து வீட்டைத் தாண்டியும் ஏதோ ஒரு பாங்கு இருக்கிறது என்பதற்கு அதுதான் சாட்சியாம். முதல் மூன்று கண்ணாடிகளில் தோள் இருந்தது. ஐந்து, ஆறு, ஏழிலும் இருந்தது. நான்காவதில் மட்டும் இல்லை. சரிவு சுத்தமாக, வழவழவென்று இறங்கியது. அன்று அவள் காப்பியை ஆற விட்டுவிட்டுப் பேசியது எனக்கு நினைவிருக்கிறது. “ஈயம் அந்த அளவுக்கு வந்தொடனே பழைய அடுக்கு ஒடஞ்சுபோகுதுங்க. புதுசு இன்னும் கட்டலை. ரெண்டுக்கும் நடுவுல ஒரு எடத்துல அது ஒண்ணுமே இல்லாம நிக்குது. இதை யாரும் பாத்ததில்லீங்க.” அவள் கைடும் அப்படித்தான் சொன்னாராம். அதை வைத்து நான்காம் அத்தியாயம் எழுதினாள். ஒன்றுமே இல்லாமல் நிற்கும் அந்த இடத்துக்குக் காரணம் தேடிப் பதினான்கு மாதம் படித்தாள். அந்தப் பதினான்கு மாதமும் அவள் நடையே வேறாக இருந்தது. எங்கள் வீட்டில் அவ்வளவு வெளிச்சம் அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இல்லை.

தீசிஸை ஒப்படைப்பதற்கு முன் அதன் சுருக்கத்தைப் பல்கலைக்கழகத்தில் பேசிக் காட்டும் கருத்தரங்குக்கு நாள் குறித்தார்கள். நான்காம் அத்தியாயத்தின் முக்கியப் படத்தைப் பெரிதாக மையிட்டுத் தர வேண்டும், எதற்கும் மூலச் சுருளையும் ஒருமுறை பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள் என்று கைடு சொல்லியிருந்தார். அவள் ஆய்வுக்கூடத்தில் கேட்டு மூன்று, நான்கு, ஐந்து ஆகியவற்றின் சுருள்களைத் திரும்ப வாங்கி வந்தாள். ஒரு திங்கட்கிழமை அரைநாள் லீவு போட்டுவிட்டு நான் மட்டும் வீட்டிலிருந்தேன். டியூப்லைட்டைப் போட்டு, நான்காவது சுருளின் மேல் என் ட்ரேசிங்கை வைத்தேன். பெரிய மேடு பொருந்தியது. சின்ன மேடு பொருந்தியது. சரிவில் பொருந்தவில்லை. அந்த இடத்தில் பேனா ஒருமுறை துள்ளியிருந்தது. துள்ளலின் இரண்டு பக்கமும், துள்ளலோடு சம்பந்தமே இல்லாமல், கோடு லேசாக வீங்கியிருந்தது. அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. நான் துள்ளலை எடுக்கும்போது அந்த வீக்கத்தையும் சேர்த்து எடுத்துவிட்டு, இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு ஃபிரெஞ்சு கர்வை வைத்து ஓர் அழகான சரிவை ஓட்டியிருக்கிறேன். மூன்றாவது சுருளை எடுத்து வைத்துப் பார்த்தேன். ஐந்தாவதை வைத்துப் பார்த்தேன். அதே இடத்தில், அதே வீக்கம். உடைந்த அடுக்கு எதுவும் இல்லை. ஒன்றுமே இல்லாமல் நின்றது கண்ணாடி அல்ல, என் கோடு.

ஸ்டூலில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. பாலக்காட்டு வண்டி போனது, ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது, சுருளும் கூடவே நடுங்கியது. பயமாக இருந்தது என்று சொன்னால் பொய். அந்த நேரத்தில் எதுவுமே இல்லை. பிறகு பேனாவில் மை நிரப்பினேன். படம் கேட்டிருந்தாள், படம் வேண்டும். சுருளைச் சுற்றி ரப்பர் பாண்டு போட்டு ஓரமாக வைத்துவிட்டு, என் பழைய ட்ரேசிங்கைப் பார்த்தே பெரிய படத்தை மையிட்டேன். சரிவு வந்தபோது கை நிற்கும் என்று நினைத்தேன். நிற்கவில்லை. கொஞ்சமும் தயங்காமல் ஓடியது. முதல் தடவை செய்ததைத் தவறு என்று சொல்லிக்கொள்ளலாம். இதை அப்படிச் சொல்ல முடியாது. அவள் ஆறு மணிக்கு வந்து படத்தைப் பார்த்து, “அம்மாடி!” என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். சுருள் தேவைப்பட்டதா என்று கேட்டாள். பொருத்திப் பார்த்துவிட்டேன் என்று சொன்னேன். மறுநாளே மூன்று சுருள்களையும் கைடிடம் கொடுத்துவிடுவதாக இருந்தவளை, இன்னும் ஒரு படம் பாக்கி இருக்கிறது என்று தடுத்து நான்காவதை மட்டும் வைத்துக்கொண்டேன். ஏன் வைத்துக்கொண்டேன் என்று இன்றைக்கும் எனக்குச் சரியாகத் தெரியாது.

அடுத்த சில நாட்கள் வழக்கம்போல நடந்தன. சாப்பிட்டேன், கம்பெனிக்குப் போனேன், ஒரு சப்மெர்சிபிள் பம்பின் உறையை வரைந்து முடித்தேன். அவள் கண்ணாடி முன்னால் நின்று கருத்தரங்கில் பேச வேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கட்டிலில் உட்கார்ந்து கைக்கடிகாரத்தில் நேரம் பார்த்துச் சொன்னேன். நான்காவது கண்ணாடி வரும்போது குரலைத் தாழ்த்தி ஒரு நொடி நிறுத்துவாள். “அந்த எடத்துல நிறுத்தறது சரியாருக்குதுங்களா?” என்று கேட்பாள். சரியாக இருக்கிறது என்பேன். இடையில் வந்த ஞாயிற்றுக்கிழமை சென்னிமலைக்குப் போக வேண்டும் என்றாள். படியேறிப் போனோம். அச்சடித்த சுருக்கத்தின் முதல் பிரதியை மஞ்சள் பையில் போட்டு எடுத்து வந்திருந்தாள். அதை முருகன் பாதத்தில் வைத்துத் தரச் சொல்லி அர்ச்சகரிடம் கொடுத்தாள். அது திரும்பி வந்தபோது அட்டையில் விபூதியும் ஒரு செவ்வரளிப் பூவும் இருந்தன. நான்காவது கண்ணாடியின் படம் எத்தனையாவது பக்கத்தில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். கும்பிட்டேன். ஏதாவது தோன்றுமா என்று பார்த்தேன். வெயில் உச்சியில் இருந்தது, கல் சுட்டது, அவ்வளவுதான் தெரிந்தது. அவள் சந்தோஷமாக இருக்கிறாள், கருத்தரங்கு முடியட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தக் காரணத்தைப் பல வருஷம் நானே நம்பிக்கொண்டும் இருந்தேன்.

கருத்தரங்கு ஒரு வெள்ளிக்கிழமை காலை. நான் போகவில்லை, கம்பெனியில் ஆடிட் இருந்தது. மாலையில் நான் வீட்டுக்குள் நுழைந்தபோது புடவைகூட மாற்றாமல் கூடத்தில் காத்துக்கொண்டிருந்தாள். நன்றாக நடந்ததாம். கைதட்டினார்களாம். “ஒரே ஒருத்தருதானுங்க எடக்காக் கேட்டாரு. வெளியூர்ல இருந்து வந்த புரொபசர். நாலாவதுல தோள் இல்லைங்கறது ட்ரேசிங்ல வந்த தப்பா இருக்கக் கூடாதான்னு கேட்டுப்போட்டாரு. எல்லாரும் என்னைப் பாத்தாங்க. நான் சொன்னனுங்க, ட்ரேஸ் பண்ணுனது எங்க ஊட்டுக்காரரு சார், அவரு பம்பு கம்பெனி டிராஃப்ட்ஸ்மேன், மயிரிழை தப்பாது, அந்தக் கையை நம்பித்தான் நான் இந்த அத்தியாயத்தையே எழுதியிருக்கறேன்னு. எல்லாரும் சிரிச்சாங்க. அவரும் சிரிச்சுட்டு உக்காந்துட்டாரு.” சொல்லிவிட்டு அவளும் சிரித்தாள். என் வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

கையை விடுவித்துக்கொண்டு எழுந்து போய் அலமாரிக்குப் பின்னாலிருந்து சுருளை எடுத்து வந்தேன். ஜன்னல் கண்ணாடியை ஸ்டூல்களின் மேல் வைத்து விளக்கைப் போட்டேன். “அம்மணி, இங்கே வந்து பாரு” என்றேன். சுருளின் மேல் ட்ரேசிங்கை வைத்து, சரிவில் விரலை வைத்துக் காட்டினேன். வேறெதுவும் நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. குனிந்து பார்த்தாள். லென்ஸைக் கேட்டாள், கொடுத்தேன். ட்ரேசிங்கைத் தூக்கிவிட்டுச் சுருளை மட்டும் பார்த்தாள், பிறகு மறுபடி வைத்துப் பார்த்தாள். நான்கைந்து முறை அப்படிச் செய்திருப்பாள். நிமிர்ந்தபோது முகத்தில் கோபம் இல்லை.

“தப்பு யாருக்கும் வர்றதுதானுங்க” என்றாள். “நான்தான் துள்ளலை எடுத்துருங்கன்னு சொன்னேன். சுருளைப் பொருத்திப் பாத்திருக்கோணும். பாக்காத உட்டது நானு.” பிறகு லென்ஸை மேசையில் வைத்தாள். “எப்பத் தெரிஞ்சுது உங்களுக்கு?”

பொய் சொல்லியிருக்கலாம். இப்போதுதான் என்று சொன்னால் நம்பியிருப்பாள். “போன திங்களுக்கு முந்தின திங்கள்” என்றேன்.

விரல் விட்டு எண்ணினாள். கல்லூரியில் பாடம் எடுப்பவள், மனத்துக்குள்ளேயே எண்ணியிருக்கலாம். ஆனால் ஒவ்வொரு விரலாக மடக்கி எண்ணினாள். “பதினொரு நாளு” என்றாள். மையிட்ட படமும் அந்தத் திங்களன்றுதான் போடப்பட்டது என்பது அவளுக்கு நினைவு வந்ததை நான் பார்த்தேன். சென்னிமலை நினைவு வந்ததையும் பார்த்தேன். எழுந்து போய்ப் புடவை மாற்றிக்கொண்டு வந்து அரிசி களைந்தாள். நான் விளக்கை அணைத்துவிட்டுக் கண்ணாடியை எடுத்து வைத்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் ஒழுங்காக நடந்தது. நான்காவது கண்ணாடியை மறுபடி உருக்கினாள். பஸ் ஏறிப் போய் மறுபடி எக்ஸ்ரே எடுத்தாள். தோள் இருந்தது. இருக்க வேண்டிய இடத்தில், இருக்க வேண்டிய அளவில். அத்தியாயத்தை எடுத்துவிட்டாள். கைடிடம் என்ன சொன்னாள் என்று என்னிடம் சொல்லவில்லை. அவர் அதன்பின் என்னைப் பார்த்தபோது எப்போதும் போலத்தான் நலம் விசாரித்தார். ஒப்படைப்பதற்கு மேலும் ஒன்றரை வருஷமாயிற்று. ஏழு கண்ணாடிகளிலும் தோள் கொஞ்சம் கொஞ்சமாக நகர்கிறது என்ற அளவில் தீசிஸ் முடிந்தது. அதில் தப்பு எதுவும் இல்லை, அதிசயமும் எதுவும் இல்லை என்று பிறர் பேசிக் கேட்டேன். பட்டம் கிடைத்தது. படங்களையெல்லாம் அவளே வரைந்தாள். கூடத்தின் தரையில் உட்கார்ந்து, மை ஒழுகும் ஒரு மலிவுப் பேனாவை வைத்துக்கொண்டு வரைவாள். கோடு நடுங்கும். நான் செய்தித்தாளை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

என்னிடம் அவள் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. சமையலில், பேச்சில், உடம்புக்கு முடியாதபோது பார்த்துக்கொண்டதில் ஒரு குறையும் கிடையாது. ஒன்று மட்டும் நின்றுபோனது. கண்ணாடியைப் பற்றி அவள் என்னிடம் அதற்குப் பிறகு பேசவில்லை. காப்பி நேரம் இருந்தது. பால்காரர், தண்ணீர் வராத நாள், சோமனூரில் அவள் தம்பியின் தறிக்கு வந்த புது மோட்டார் என்று பேசினோம். கொஞ்ச நாளில் சார்ட்டுச் சுருள்கள் போய் எல்லாம் கணினியிலேயே வர ஆரம்பித்தது. அதனால் என் கை தேவைப்படவில்லை என்று என்னைச் சமாதானம் செய்துகொள்ள ஒரு வழி கிடைத்தது. அவளுக்குக் கீழே பெண்கள் ஆராய்ச்சி செய்தார்கள். அவர்கள் வீட்டுக்கு வரும்போது முன்னறையில் பேச்சு ஓடும். நான் அடுப்படியில் டம்ளர்களை எடுத்து வைத்தபடி கேட்டுக்கொண்டிருப்பேன். நான் தட்டோடு உள்ளே போனால் பேச்சு வேறு பக்கம் திரும்பும். வருத்தப்பட்டேனா என்று கேட்டால், இல்லை. குளிரில் விரல் மரத்துப்போனால் வலி தெரியாது அல்லவா, இருபத்தைந்து வருஷம் அப்படித்தான் போனது. நன்றாக வாழ்ந்தவர்கள் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள்.

போன வருஷம் அவள் பணி ஓய்வு பெற்றாள். கல்லூரி அரங்கில் விழா வைத்தார்கள். மாலை, பொன்னாடை எல்லாம் முடிந்த பிறகு, முதலாண்டு மாணவிகளுக்காகத் தமிழிலேயே அரைமணி நேரம் தன் ஆராய்ச்சியைப் பற்றிப் பேசும்படி கேட்டுக்கொண்டார்கள். மூன்றாவது வரிசையில் உறவுக்காரர்களோடு நான் உட்கார்ந்திருந்தேன். அணுக்களைப் பற்றி அவள் பேசுவதை அத்தனை வருஷத்துக்குப் பிறகு அன்றுதான் முழுசாகக் கேட்டேன். எனக்குத் தெரியாத எவ்வளவோ சொன்னாள். வேறு கண்ணாடிகள், வேறு கருவிகள், அவளுடைய மாணவி ஒருத்தி கண்டுபிடித்த ஒரு விஷயம். எனக்குப் பக்கத்தில் இருந்த சின்னப் பெண்கள் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள். கடைசியில் சொன்னாள்: “நான் ஆராய்ச்சி பண்ணும்போது ஒரு பெரிய தப்பு செஞ்சேன். ஒரு கோட்டுல சின்னதா ஒரு வீக்கம் இருந்துச்சு. பேனா துள்ளிருச்சுன்னு நெனச்சு நானே அதை நேராக்கிப்போட்டேன். அப்புறம் நேரா இருக்கறதுக்கு என்ன காரணம்னு ஒரு வருஷத்துக்கு மேல தேடுனேன். நீங்க அளக்கறப்போ அழகா வரலைன்னா அப்படியே உட்டுருங்க, கண்ணுகளா.” அரங்கம் கைதட்டியது. பக்கத்திலிருந்த அவள் தம்பி என் தோளைத் தட்டி, “அக்கா எவ்வளவு தெகிரியமா ஒத்துக்கறா பாருங்க மாமா” என்றான். நானும் தட்டினேன்.

காரில் திரும்பி வந்துகொண்டிருந்தோம். பின் சீட்டில் மாலைகள், எங்களுக்கு நடுவே நினைவுப் பரிசின் அட்டைப்பெட்டி. சுங்கம் சிக்னலில் சிவப்பு விழுந்தது. அங்கே எப்போதும் நேரமாகும். “நீயே நேராக்கினதா ஏன் சொன்னே?” என்று கேட்டேன். “என்னைச் சொல்லியிருக்கலாமே.”

அவள் முன்னால் நின்ற பஸ்ஸையே பார்த்துக்கொண்டிருந்தாள். “உங்களைச் சொன்னா, எப்பத் தெரிஞ்சுதுன்னு கேப்பாங்க. தெரிஞ்சும் எதுக்குப் பதினொரு நாளு சும்மா இருந்தாருன்னு கேப்பாங்க. அதுக்கு இன்னும் எனக்குப் பதில் தெரியலீங்க.”

அவள் சந்தோஷமாக இருந்தாள், அதைக் கெடுக்க மனம் வரவில்லை என்ற பதில் என் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. வாயைத் திறந்தபோது அது வரவில்லை. “என் கை தப்புப் பண்ணும்னு ஒத்துக்க எனக்கு வெக்கமா இருந்துச்சு அம்மணி” என்றேன்.

என்னைத் திரும்பிப் பார்த்தாள். “அவ்வளவுதானுங்களா?”

“அவ்வளவுதான்.”

அட்டைப்பெட்டியின் மேல் ஒட்டியிருந்த ரோஜா இதழ் ஒன்றை எடுத்து ஜன்னலுக்கு வெளியே போட்டாள். “நான் இத்தனை வருஷமா என்னென்னமோ நெனச்சுட்டனுங்க” என்றாள்.

பச்சை விழுந்திருந்தது. பின்னாலிருந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். நான் கியரைப் போட்டு வண்டியை எடுத்தேன்.